கரடு என்றுதான் சொல்வோம்

மாதா துணை

அரியலூர்
17.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செல்வம் எழுதுவது. நானும் சாந்தியும் சுகமாக இருக்கிறோம். ஏஞ்சல் கும்பகோணத்தில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள். பொங்கல் கழிந்து உன் உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

மாமா இறந்தபோது வந்ததுதான், அதன்பிறகு ஊர்ப்பக்கம் வர முடியவில்லை. போன் போட்டால் "ஆ? ஆ?" என்கிறாய். பக்கத்து வீட்டு சசிகலா வாங்கிப் பாதி சொல்லி, பாதியை விழுங்கிவிடுகிறாள். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்துவிட்டேன். நீயும் அப்படியே பதில் போடு.

இங்கே கல்லூரிப் பக்கமாக ஒரு வேலை. சுற்றுவட்டாரத்து மலைகளை வகை பிரிக்கிறோம். எது மலை, எது குன்று, எது வெறும் மேடு என்று. இதில் ஊர்க்காரர்கள் வாய்ச்சொல்லுக்கும் ஒரு மரியாதை உண்டு. நம் ஊருக்கு மேற்கே நிற்கிறதே, அதை ஊரில் என்னவென்று சொல்வார்கள்? பார், எனக்கே மறந்துவிட்டது. உன் போக்கில் எழுது, திருத்தி எழுத வேண்டாம். அடியில் பேர், ஊர், தேதி போட்டுக் கையெழுத்தும் போடு. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

அன்புத் தம்பி,
ஆரோக்கியசெல்வம்

*

சேசு மரி சூசை துணை

சூசையப்பர்பட்டி, பாடாலூர் வழி
28.01.2024

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. சாந்தியைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைத் தபால்காரர் நீட்டியதும் ஏதோ ஆபீஸ் நோட்டீஸ் என்று பயந்துபோனேன். பிரித்தால் உன் கோழிக்கிறுக்கல். சசிகலாவிடம் காட்டிக் காட்டியே பேப்பர் நைந்துவிட்டது. "அக்காவுக்கு லெட்டர் போடற தம்பி இந்தக் காலத்துல யாருக்குடி இருக்கான்?" என்று கேட்டேன். அவளுக்குப் பொறாமைதான்.

மறந்துவிட்டதா உனக்கு? அதன்மேல் ஏறிப் பனங்காயை உருட்டிவிட்டு அப்பாவிடம் உதை வாங்கியவன் யார்? கழுகுக் கரடு. கரடு என்றுதான் சொல்வோம். மலை என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். மலை என்றால் பச்சைமலை. தூரத்தில் நீலமாகத் தெரிகிறதே, அதுதான் மலை. இது அதன் காலடியில் கிடக்கிற கரடு. "கரட்டுல ஆடு மேயுது", "கரட்டுக்குப் போயிட்டு வரேன்", இப்படித்தான் பேச்சு. தாத்தா காலத்திலும் கரடுதான்.

போன கல்லறைத் திருநாளுக்கும் கரட்டில் ஏறி வெள்ளைப் பாறையடியில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது, விடுவேனா? தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று உபதேசியார் அன்று சொல்லிவிட்டார். பிறந்து மூன்று நாள், பேர்கூட வைக்கவில்லை. நீயும் உன் மாமாவும்தானே துண்டில் சுற்றி எடுத்துப்போய் அங்கே புதைத்தீர்கள். நான் பிள்ளை பெற்ற உடம்போடு பாயில் கிடந்தேன். பாறைக்கு எந்தப் பக்கம் என்று அப்போதும் கேட்கவில்லை, அதன்பிறகு உன் மாமாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அதனால் பாறையைச் சுற்றி வரிசையாக ஏற்றிவிடுவேன். எந்தப் பக்கமாக இருந்தாலும் வெளிச்சம் படட்டும் என்றுதான்.

நீ சொன்ன மாதிரியே எல்லாம் போட்டுவிட்டேன். இனி மாதம் ஒரு கடிதமாவது போடு.

இப்படிக்கு அக்கா,
அடைக்கலமேரி
சூசையப்பர்பட்டி, 28.01.2024

*

மாதா துணை

அரியலூர்
12.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று அறிந்து எங்களுக்கும் சந்தோஷம். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே எழுதியிருக்கிறாய்.

மலைகளை எப்படி வகை பிரிக்கிறோம் என்று உனக்கும் சொல்கிறேன். நிலத்தட்டுகள் இரண்டு முட்டிக்கொண்டு மடிந்து எழுந்தால் அது மடிப்பு மலை, இமயமலை போல. நிலம் பிளந்து, சுற்றிலும் இறங்க, நடுத்துண்டு மட்டும் உயர்ந்து நின்றால் பிண்ட மலை. தீக்குழம்பு கக்கி வளர்ந்தால் எரிமலை. நான்காவது எஞ்சிய மலை. ஒரு காலத்தில் பெரிதாக இருந்து, மழையும் காற்றும் தின்றது போக, தின்ன முடியாத கடினமான பாறை மட்டும் மிச்சமாக நிற்பது. பச்சைமலை, கொல்லிமலை, நம் கழுகுக் கரடு எல்லாம் அந்த வகைதான்.

இதில் இரண்டு விதமான பார்வை உண்டு. புவியியல்காரர்கள் மேலே தெரிவதைப் பார்ப்பார்கள். எத்தனை உயரம், எங்கே தொடங்குகிறது, நடுவில் சமவெளி வந்து அறுக்கிறதா என்று. நிலவியல்காரர்கள் அடியில் என்ன கல், அதற்கு என்ன வயது என்று பார்ப்பார்கள். மேலே பார்த்தால் கரடு வேறு, பச்சைமலை வேறு. அடியில் ஒரே பாறை. நம்மைப் போலத்தான், அக்கா. நீ அங்கே, நான் இங்கே. அடியில் ஒரே பாறை.

இன்னும் சில சந்தேகங்கள். கரட்டில் வற்றாத சுனை உண்டா? காடு என்று சொல்லும்படி ஏதாவது இருக்கிறதா? ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? முன்போலவே கையெழுத்துப் போட்டு அனுப்பு. வெயில் ஏறுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
செல்வம்

*

சேசு மரி சூசை துணை

சூசையப்பர்பட்டி
03.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். நான் சுகம். உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? தவக்காலம் என்று பட்டினி கிடக்காதே, ஆண்டவர் உன்னைக் கணக்கில் வைக்கமாட்டார்.

"அடியில் ஒரே பாறை" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். நீ இப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

சுனை உண்டு, சித்திரையில் வற்றிவிடும். காடு என்ன காடு, கள்ளியும் காரைச்செடியும்தான். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஏறினால் சோறு பதம் வருவதற்குள் இறங்கிவிடலாம். இது என் சின்ன வயசுக் கணக்கு. ஒன்று கேட்கிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலை நடுநடுவே அறுந்துபோய்த்தான் கிடக்கிறது என்று சசிகலா மகள் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. தொடர்ச்சியே இல்லாததற்குத் தொடர்ச்சி என்று எவன் பேர் வைத்தான்?

போன வாரம் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். கரட்டில் ஏறிக் கருவி வைத்து அளந்தார்கள். வெள்ளைப் பாறையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். இறங்கி வந்து நேரே என் வீட்டு வாசலில் நின்றார்கள். "நீங்கதான் அடைக்கலமேரி அம்மாங்களா? ப்ரொஃபசர் சாரோட அக்காவா?" என்று கேட்டார்களாம், சசிகலா என் காதில் கத்தினாள். உன் பேரைச் சொன்னார்களே என்று மோர் கலக்கிக் கொடுத்தேன். ஒருவன் குடித்துவிட்டு, "நல்லா எழுதறீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனானாம். நான் எழுதுவது அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த அம்புக்குறி எதற்கு? விவரமாக எழுது.

இப்படிக்கு அக்கா,
அடைக்கலமேரி
சூசையப்பர்பட்டி, 03.03.2024

*

மாதா துணை

அரியலூர்
02.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறோம்.

அம்புக்குறி அளவெடுப்பதற்காகத்தான், அதில் ஒன்றும் இல்லை. டவுனில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியிருக்கிறோம், அலைச்சல் அதிகம். ஆகையால் சுருக்கமாக முடிக்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் மிகவும் உதவியாக இருந்தன.

செல்வம்

*

சேசு மரி சூசை துணை

சூசையப்பர்பட்டி
23.06.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லோருடைய சுகத்தையும் ஆண்டவர் காப்பாற்றட்டும்.

வெள்ளிக்கிழமை பாடாலூர்க் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். கழுகுக் கரட்டை உடைத்து ஜல்லி போட ஒரு கம்பெனி கேட்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். ஊரே திரண்டு போனது. நம் பஞ்சநாதன் எழுந்து நன்றாகப் பேசினானாம். இது பச்சைமலையைச் சேர்ந்தது, மலைத்தொடரைத் தொடக்கூடாது என்று. எனக்குத்தான் ஒன்றும் விழவில்லையே, ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நம் பக்கம் ஜெயிக்கிற மாதிரித்தான் தெரிந்தது.

அப்புறம் கம்பெனிக்காரன் திரையில் ஒரு படம் போட்டான். எங்கேயோ பார்த்த எழுத்தாக இருக்கிறதே என்று கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். என் எழுத்து, செல்வம். "கரடு என்றுதான் சொல்வோம். மலை என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள்." சுவர் அகலத்துக்கு என் எழுத்து. அடியில் என் கையெழுத்து, ஊர், தேதி. அடுத்த படத்தில் சோறு பதம் வருவதற்குள் இறங்கிவிடலாம் என்ற வரி. அதற்குச் சிவப்பில் அடிக்கோடு வேறு. பாப்பாவைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் வெள்ளையாக மறைத்திருந்தார்கள்.

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. பஞ்சநாதன் வந்து என் முகத்துக்கு நேரே நின்று, எனக்குப் புரியட்டும் என்று வாயை நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "அத்தை, ஊரை வித்துட்டியே!" பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சசிகலாகூட நின்றுகொண்டே வந்தாள்.

கம்பெனி காட்டிய அறிக்கையில் உன் பேர் இருக்கிறது என்கிறார்கள். நீ அப்படிச் செய்திருக்கமாட்டாய், யாரோ உன்னிடமிருந்து என் கடிதத்தை எடுத்திருப்பார்கள் என்று நான் சசிகலாவிடம் சொல்லியிருக்கிறேன். அடியில் ஒரே பாறை என்று எனக்கு எழுதினாயே, அதை அவர்களுக்கும் எழுதிக் கொடுத்துவிடு. முடியாவிட்டால் வெள்ளைப் பாறையை மட்டுமாவது விட்டுவிடச் சொல். உடனே பதில் போடு.

அக்கா

*

அரியலூர்
14.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் உணர்ச்சிவசப்பட்டு எழுதியது போலத் தெரிகிறது. யாரும் எதையும் திருடவில்லை, நான்தான் கொடுத்தேன். பொய்யாக ஒரு வரியும் எழுதவில்லை. நீ எழுதியது உண்மையா இல்லையா? கரடு என்று சொன்னது நீதானே? அறிக்கையில் நாங்கள் வைத்துக்கொண்ட அளவு, சுற்றுத் தரையிலிருந்து நூறு மீட்டர். கழுகுக் கரடு அதற்குக் குறைவு. நடுவில் சமவெளி அறுக்கிறது. ஆகவே அது தனி மேடு, மலைத்தொடரில் சேராது. அடியில் என்ன பாறை என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அறிக்கையில் பதில் எழுதும் வழக்கம் இல்லை.

வெள்ளைப் பாறையைப் பற்றி எழுதியிருந்தாய். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மண்ணில் இனி ஒன்றும் மிஞ்சியிருக்காது. மூன்று நாள் குழந்தையின் எலும்பு எலும்பே இல்லை, குருத்து. சில வருஷங்களிலேயே கரைந்துபோயிருக்கும். இல்லாத ஒன்றுக்குத்தான் நீ இத்தனை காலம் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாய். இதைச் சொல்ல யாராவது ஒருவர் வேண்டும் அல்லவா?

மாத்திரையை விடாமல் போடு.

செல்வம்

*

சேசு மரி சூசை துணை

சூசையப்பர்பட்டி
04.11.2024

தம்பி செல்வத்துக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. பதில் எழுத உட்காருவேன், கை ஓடாது. சாந்தி சுகமா? ஏஞ்சல் முழுகாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாதா பிள்ளையைக் கையும் காலுமாகக் கொடுக்கட்டும்.

கரட்டைச் சுற்றி வேலி போட்டாயிற்று. கேட்டில் நம் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் முத்துசாமிதான் காவல். நேற்று முன்தினம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு போனேன். "உள்ள வுட்டா என் வேலை போயிரும் அத்தை" என்று காதோரம் கத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். வேலிக்கு வெளியே ஏற்றினேன். காற்று நிற்கவிடவில்லை.

மலையைப் பற்றி உன்னிடம் இனி ஒன்றும் கேட்கமாட்டேன். ஒன்றே ஒன்று சொல். பாறைக்குக் கிழக்கா மேற்கா? குழி தோண்டியவர்களில் நீ ஒருவன்தான் மிச்சம். வெடி வைக்கிறதுக்கு முன்னால் ஒரு நாள் விடியக்காலையில் உள்ளே விடுகிறேன் என்று முத்துசாமி ஒத்துக்கொண்டிருக்கிறான். பக்கம் தெரிந்தால் ஒரு பிடி மண்ணாவது எடுத்துக்கொள்வேன். இப்போது கல்லறைத் தோட்டத்தில் வைக்கலாம் என்று புதுச் சாமியார் சொல்லிவிட்டார். பாறை பெரிது, எனக்குத் தோண்டத் தெம்பு கிடையாது. ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஒரு கார்டில் எழுது.

அக்கா

*

சூசையப்பர்பட்டி
11.02.2025

செல்வம்,

நீ சுகமாக இருப்பாய்.

தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன். கிழக்கா மேற்கா என்றுதான் கேட்டேன். நேற்று மத்தியானம் குடத்துத் தண்ணீர் தானாக ஆடியது. எனக்குச் சத்தம் கேட்காது, உனக்குத் தெரியுமே. வெளியே வந்து பார்த்தேன். கரட்டின்மேல் வெள்ளையாகத் தூசி நின்றது.

இனி எழுத வேண்டாம்.

*

மாதா துணை

அரியலூர்
21.09.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். வேலை அப்படி. ஆண்டவர் அருளால் எல்லோரும் நலம். உன் உடம்பு தேறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இத்துடன் பத்திரிகை வைத்திருக்கிறேன். வீடு முடிந்துவிட்டது. அக்டோபர் ஐந்தாம் தேதி சாமியார் வந்து வீடு மந்திரிப்பு. படமும் வைத்திருக்கிறேன், பார். தூண், தளம், மேல்மாடி எல்லாம் நம் ஊர்க் கல்தான்! கம்பெனி மேனேஜர் மரியாதைக்காகத் தானே ஜல்லி அனுப்பிவிட்டார். இன்ஜினியர் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லுக்கு நூறு வருஷம் கவலையில்ல சார்" என்றார்.

ஏஞ்சலுக்குப் பெண் குழந்தை. இனி பிள்ளையோடு எங்களிடமே இருக்கப்போகிறாள். நாங்கள் தாமதிக்கவில்லை, எட்டாம் நாளே தலையில் தண்ணீர் ஊற்றிப் பேர் வைத்துவிட்டோம். நீ வந்து பேத்தியைத் தூக்கவேண்டும். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாதே. மேலே என்ன இருந்தாலும் அடியில் ஒரே பாறை அல்லவா?

அன்புத் தம்பி,
செல்வம்

பின்குறிப்பு: போன வருஷம் நீ கேட்டிருந்தாய், சொல்ல மறந்துவிட்டேன். கிழக்குப் பக்கம் என்றுதான் நினைவு.

*

சேசு மரி சூசை துணை

சூசையப்பர்பட்டி
12.10.2025

அன்புள்ள தம்பி செல்வத்துக்கும் சாந்திக்கும் ஏஞ்சலுக்கும், புதிதாக வந்திருக்கும் குட்டிக்கும்,

அக்காவின் ஆசீர்வாதம். நான் சுகம். முழங்கால் வலிகூட விட்டுவிட்டது, ஏற இடம் இல்லை அல்லவா?

பத்திரிகையும் படமும் கிடைத்தன. வீடு லட்சணமாக இருக்கிறது. மந்திரிப்புக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பெரிய மனிதர்கள் வந்து நிற்கும் இடத்தில் "ஆ? ஆ?" என்று கேட்டு உன் மானத்தை ஏன் வாங்க வேண்டும்?

கிழக்கு என்று எழுதியிருந்தாய். பத்திரமாக நினைவு வைத்திருந்து, கல்லெல்லாம் போன பிறகு சொல்லியிருக்கிறாய். முத்துசாமியை வரவழைத்துக் கேட்டேன். அவன் என் காதோரம் குனிந்து கத்தினான்: "மொத வெடி கிழக்கதான் வச்சாங்க அத்தை. அந்தக் கல்லையும் மண்ணையும் நொறுக்கி அரியலூருக்குத்தான் ஏத்தினாங்க. ப்ரொஃபசர் சார் வூட்டுக்குன்னு மேனேஜரே பக்கத்துல நின்னு ஏத்தி வுட்டாரு." சொல்லிவிட்டு அழுதான். நான் அழவில்லை. இத்தனை வருஷம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவித்தவளுக்கு முதல்முறையாக இடம் தெரிந்திருக்கிறது.

எலும்பு கரைந்துபோயிருக்கும் என்று எழுதினாய். படித்தவன், சரியாகத்தான் இருக்கும். கரைந்தது அந்த மண்ணில்தானே, அந்தக் கல்லோடுதானே?

கல்லறைத் திருநாள் இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். எந்தத் தூணில், எந்தத் தளத்தில் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் வீட்டைச் சுற்றி வரிசையாக ஏற்றிவிடுகிறேன். எந்தப் பக்கமாக இருந்தாலும் வெளிச்சம் படட்டும். தொட்டில் எந்த அறையில் கட்டியிருக்கிறது என்று மட்டும் எழுதி வை, அங்கே தரையில் இரண்டு ஏற்ற வேண்டும். எதற்கு அத்தை என்று ஏஞ்சல் கேட்பாள். நானே உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லிக்கொள்கிறேன், உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம். வருஷா வருஷம் வருவேன். எனக்குப் பிறகு அவளையே ஏற்றச் சொல்லிவிட்டுப் போகிறேன். நூறு வருஷம் தாங்கும் என்று இன்ஜினியரே சொல்லிவிட்டாரே.

நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். உன் வகை பிரிக்கிற வேலைக்கு உதவும். அந்த வீட்டை எங்கள் ஊரில் வீடு என்று சொன்னால் சிரிப்பார்கள். கல்லறை என்றுதான் சொல்வோம்.

நீ சொல்லிக் கொடுத்தபடி அடியில் எல்லாம் போட்டிருக்கிறேன்.

அடைக்கலமேரி
சூசையப்பர்பட்டி
12.10.2025